கீழ் லயத்துக்கு ஒரு தனி நம்பர்

சித்ராவுக்குக் கல்யாணம் ஆனதே ஒரு நம்பர் குழப்பத்தில்தான்.

சாந்தன்பாறைக்கு மேலே, ஏலக்காட்டுக்கு நடுவில் இருக்கும் அந்த எஸ்டேட்டில் இரண்டு லயங்கள். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகத் தொழிலாளர் வீடுகள். மேட்டில் இருப்பது மேல் லயம், ஓடைப் பக்கம் இருப்பது கீழ் லயம். இரண்டிலும் வீட்டு நம்பர் ஒன்றிலிருந்துதான் ஆரம்பிக்கும். போடியிலிருந்து பெண் பார்க்க வந்த பெரியமுத்துவின் வீட்டார் கேட்டு வந்தது மேல் லயம் மூன்றாம் நம்பர். நுழைந்தது கீழ் லயம் மூன்றாம் நம்பர். காட்டுவேலை முடித்து வந்து, தலையில் கட்டிய துண்டைக்கூட அவிழ்க்காமல் உலை வைத்திருந்த சித்ரா, யாரோ வழி தெரியாமல் வந்தவர்கள் என்று எல்லாருக்கும் பாலில்லாத கட்டங்காப்பி போட்டுக் கொடுத்தாள். பூவும் பழமுமாகத் தட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு விஷயம் தெரிந்தபோது காப்பி பாதி குடித்தாகிவிட்டது. பதறிப்போய் எல்லாரும் எழுந்தார்கள். பெரியமுத்து மட்டும் எழவில்லை.

"மேல மூணாம் நம்பருக்கு யாராவது போய்ச் சமாதானம் சொல்லிட்டு வாங்க. நான் இங்கனயே இருக்கேன்" என்றாராம்.

இருந்துவிட்டார். இப்போது அதே எஸ்டேட்டில் ஜீப் ஓட்டுகிறார். போடிமெட்டுப் பக்கமிருந்து காலையில் வேலையாட்களை ஏற்றி வந்து சாயங்காலம் கொண்டுபோய் விடுகிற வேலை. வளைவுகளில் ஜீப் உறுமும்போது இந்தக் கதையைப் பின்னால் இருக்கும் பெண்களுக்குச் சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. ஒவ்வொரு தடவையும் காப்பியில் இனிப்பு கூடிக்கொண்டே போகும்.

சித்ரா அந்த லயத்திலேயே பிறந்தவள். பத்தாவது வரை தமிழ்ப் பள்ளிக்கூடம், அதற்கு மேலே மலையாளம். இரண்டு பாஷையும் அவளுக்கு ஒரே வீட்டின் இரண்டு வாசல் மாதிரி. எதில் நுழைகிறோம் என்று யோசிக்கவே மாட்டாள். ஏலக்காய் பறிப்பதில் அவள் கை அப்படி ஒரு கை. பழுத்ததை மட்டும் எடுக்கும், பிஞ்சைத் தொடாது. ஆனால் போன வருஷம் மழை ஈரத்தில் சரிவில் வழுக்கி விழுந்தாள். கணுக்காலில் கம்பி வைத்துக் கட்டினார்கள். எலும்பு கூடிவிட்டது. தட்டையான தரையில் கம்பை ஊன்றி நடக்கலாம், சரிவில் நிற்க முடியாது. அந்த மலையில் தட்டையான தரை என்பது வீட்டுக்குள் மட்டும்தான் இருக்கிறது.

வலியைவிட அவளைத் தின்றது ஒரு சொல். தண்ணீர்க் குழாயடியில், கடையில், கோயிலடியில் எல்லாரும் அவளைப் பார்த்ததும் "பாவம்" என்றார்கள். தமிழ்க்காரர்களும் அதையே சொன்னார்கள், மலையாளத்துக்காரர்களும் அதையே சொன்னார்கள். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பாள். இதற்கு என்ன பதில் சொல்வது?

தேனியில் நர்சிங் படிக்கும் மகள் ஆர்த்திதான் அந்த வேலையைப் பற்றிச் சொன்னாள். பாலக்காட்டுப் பக்கம் ஒரு கண் ஆஸ்பத்திரி. பொள்ளாச்சி, ஆனைமலை, கோவிந்தாபுரம் என்று எல்லைக்கு இரண்டு பக்கமிருந்தும் அங்கே ஆட்கள் வருவார்கள். டாக்டரும் சீட்டும் மலையாளம். வருகிறவர்களில் பாதிப் பேர் தமிழ். போனில் பேசி நாள் குறித்துக் கொடுக்க, எந்த மாத்திரையோடு வரவேண்டும், எப்போது சாப்பிடக்கூடாது என்று புரியும்படி சொல்ல, இரண்டு பாஷையும் தெரிந்த ஆள் வேண்டும். வீட்டிலிருந்தே பேசலாம்.

"உக்காந்து பேசுற வேலைம்மா. உனக்குன்னே செஞ்சு வச்ச மாதிரி இருக்கு" என்றாள் ஆர்த்தி. தன் பழைய லேப்டாப்பையும் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஆஸ்பத்திரியில் அந்தப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் ஆனந்தகுமார், போனில் அவளோடு கொஞ்ச நேரம் இந்தப் பாஷையிலும் கொஞ்ச நேரம் அந்தப் பாஷையிலும் பேசிப் பார்த்தார். திருப்திதான். ஆனால் இரண்டு நிபந்தனை. இன்டர்நெட் வயர் வழியாக, விட்டுப்போகாமல் வரவேண்டும். அடுத்தது, நோயாளிகளின் விவரம் வருகிற கம்ப்யூட்டர் என்பதால் அது அக்கம்பக்கத்தார் போன்கள் மேய்கிற நெட்டில் இருக்கக்கூடாது. வீட்டுக்கென்று தனியாக இருக்க வேண்டும். முதலில் சில நாள் பழக்கம், அதற்கப்புறம் ஒரு நாள் அவரே கூட இருந்து கேட்பார். தேறினால் வேலை.

கீழ் லயத்தில் இன்டர்நெட் இருந்தது ஒரே வீட்டில். முதல் நம்பரில் இருக்கும் அழகுத்தாய் வீடு. அவளுடைய மகன் திருப்பூரில் இருக்கிறான். பேரன் முகத்தை அம்மா தினமும் பார்க்கட்டும் என்று அவன்தான் கேபிள்காரரிடம் சொல்லி ஃபைபர் இழுத்துக் கொடுத்திருந்தான். இன்னொரு இணைப்பு வேண்டுமென்றால் புதிதாகக் கம்பம் நட வேண்டும், எஸ்டேட் அனுமதி வேண்டும், அது எப்போது வருமோ. முதல் வீட்டு வைஃபை, குடியில்லாமல் பூட்டிக் கிடக்கும் இரண்டாம் வீட்டின் கருங்கல் சுவரைத் தாண்டி மூன்றாம் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் செத்துவிடும். மொபைல் சிக்னலோ லயத்தில் கிடையவே கிடையாது. மேலே ரோட்டு வளைவுக்குப் போனால், பள்ளத்தாக்கைத் தாண்டி வரும் தமிழ்நாட்டு டவர் கிடைக்கும்.

சித்ரா கம்பை ஊன்றிக்கொண்டு அழகுத்தாய் வீட்டுக்குப் போனாள்.

"அத்தே, உங்க நெட்டுல இருந்து எங்க வீட்டுக்கு ஒரு வயர் இழுத்துக்கிறவா?"

அழகுத்தாய் அறுபதைத் தாண்டியவள். அந்த லயத்தில் எல்லாருக்கும் அத்தை, யாருக்கும் அடங்காதவள். "என்னடி இது, என் வீட்டுத் தண்ணிக்கு நீ ஹோஸ் போட்டு இழுக்கிற மாதிரி கேக்குற?"

"அப்படித்தான் அத்தே. ஆனா உங்களுக்குக் குறையாது."

"குறைஞ்சா? என் பேரன் மூஞ்சி கோணலா வந்தா?"

"வயரைப் புடுங்கி எறிஞ்சிருங்க."

"புடுங்குறதுக்கு நீ எனக்குச் சொல்லித் தரணுமாக்கும்" என்றாள் அழகுத்தாய். அதில் பெருமை இருந்தது. அதற்குக் காரணமும் இருந்தது.

ஐப்பசி வந்துவிட்டால் அந்த மலையில் மத்தியானத்துக்கு மேல் இடி இறங்கும். ஒரு வருஷம் அழகுத்தாய் வீட்டு டிவி அவள் கண்ணெதிரே புகைந்துபோனது. அன்றிலிருந்து லயத்துக்கு இடிகாவல் அவள்தான். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் வானம் ஒரு தடவை உறுமினால் போதும், வாசலில் இறங்கி நின்று "இடி வருது, புடுங்குங்கடி!" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், டிவி, மிக்ஸி, சார்ஜர், நெட் பெட்டி என்று வீட்டுக்கு வீடு எல்லாம் சுவரை விட்டு வெளியே வந்துவிடும். ஆள் இல்லாத வீட்டில் அவளே நுழைந்து பிடுங்குவாள். அதற்காகவே யாரும் கதவைப் பூட்டுவதில்லை. இடி ஓய்ந்ததும் அவளே மாட்டியும் விடுவாள்.

கேபிள்காரரிடம் வேலை செய்யும் ஜிபின் பூப்பாறையிலிருந்து வந்தான். தன்னிடம் கிடந்த பழைய ரூட்டர் ஒன்றைத் துடைத்து எடுத்து வந்திருந்தான். கூரை விளிம்புக்கு அடியில் வயரைக் கட்டி இழுத்து, பெட்டியைச் சித்ராவின் மேசையில் வைத்தான்.

"சேச்சி, இது பாருங்க. நீல ஓட்டை ஒண்ணு, மஞ்சள் ஓட்டை நாலு. வெளிய இருந்து வர்ற வயர் நீலத்துல. உங்க வீட்டு சாமான் எல்லாம் மஞ்சள்ல. நீலத்துல வரும், மஞ்சள்ல போகும். மனசிலாயோ?"

"மனசிலாயி."

அதற்குள் அவனைத் தேடி ஆள் வந்துவிட்டது. எங்கோ மரம் விழுந்து கேபிள் அறுந்து கிடக்கிறது. "பாக்கிய போன்ல சொல்றேன் சேச்சி, அழகுத்தாய் அம்மா வீட்டு வைஃபைல இருந்து கூப்பிடுங்க" என்று பைக்கை எடுத்தான்.

பெட்டியில் விளக்கெல்லாம் எரிந்தது. நெட் வரவில்லை.

அன்று முழுக்க சித்ராவுக்கு முதல் வீட்டுக்கும் மூன்றாம் வீட்டுக்கும் நடைதான். அங்கே போய் ஜிபினிடம் கேட்பாள், இங்கே வந்து செய்து பார்ப்பாள், மறுபடி அங்கே. கம்பு தரையில் தட்டும் சத்தத்தை வைத்தே அழகுத்தாய் சொல்லிவிடுவாள்: "இந்தா, மறுபடி வாரா."

கடைசியில் ஜிபின் பிடித்துவிட்டான். "சேச்சி, ஓரோ பெட்டிக்கும் ஒரு நம்பர் உண்டு. அழகுத்தாய் அம்மா வீட்டுப் பெட்டி 192.168.1.1. உங்க பெட்டியும் ஃபேக்டரில இருந்து வரும்போதே அதே நம்பர். முன்னால இருக்கிறது லயம் பேரு மாதிரி, கடைசி நம்பர் வீட்டு நம்பர் மாதிரி. பெட்டி தன்கிட்ட சேர்ற போனுக்கெல்லாம் அந்த லயம் பேருலதான் நம்பர் குடுக்கும். இப்ப ரெண்டு லயத்துக்கும் ஒரே பேரு. எது வீட்டுக்குள்ள, எது வெளியன்னு உங்க பெட்டிக்குத் தெரியல. பாவம், அது எவிட போகும்?"

சித்ரா சிரிக்க ஆரம்பித்தாள். கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"என்ன சேச்சி?"

"ஒண்ணுமில்ல தம்பி. எங்க வீட்டுக்காரர் அப்படித்தான் என் வீட்டுக்குள்ள வந்தாரு."

ஜிபினுக்கு விளங்கவில்லை. அழகுத்தாய்க்கு விளங்கியது. "நல்ல வேளை, வேற எவனும் அப்படி வழிதப்பி வரல" என்றாள்.

சித்ரா வீட்டுக்கு வந்து, பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த பெயரையும் ரகசியச் சொல்லையும் பார்த்து லேப்டாப்பில் பெட்டியின் பக்கத்தைத் திறந்தாள். நம்பர் எழுதியிருந்த இடத்தில், மூன்றாவதாக இருந்த ஒன்றை அழித்துவிட்டு, தன் வீட்டு நம்பரான மூன்றைப் போட்டாள். 192.168.3.1. சேமி என்று அழுத்தியதும் திரை வெறுமையாகிவிட்டது. விளக்குகள் எல்லாம் ஒன்றாக அணைந்தன. கொன்றுவிட்டோம் என்றே நினைத்தாள். ஓடைச் சத்தம் அன்றைக்குத்தான் அவ்வளவு பெரிதாகக் கேட்டது. அப்புறம் ஒவ்வொன்றாக விளக்குகள் கண்ணைத் திறந்தன. புது நம்பரை அடித்தாள். திறந்தது. ஆர்த்தியைக் கூப்பிட்டாள். தேனி ஹாஸ்டலின் பச்சைச் சுவர் அப்படியே தெரிந்தது.

"அம்மா! யாரும்மா வந்து செஞ்சு தந்தா?"

 அந்தக் கேள்வி முடிந்துவிடக் கூடாது என்று இருந்தது சித்ராவுக்கு.

"நான்தான்டி."

சாயங்காலம் பெரியமுத்து வந்து பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வைஃபைக்கு ஒரு பெயர் வைக்க வேண்டுமாம் என்றதும், "மேல் லயம்னு மட்டும் வச்சிராத தாயே" என்றார். மறுநாள் ஜீப்பில் காப்பிக் கதைக்குப் பின்பாதி ஒன்று சேர்ந்துகொண்டது. "நம்ம லயத்துக்குள்ள இன்னொரு லயம் கட்டிட்டா எம் பொண்டாட்டி. நம்பர்லயே கட்டினது. கல்லும் இல்ல, மண்ணும் இல்ல." பின்னால் இருந்த பெண்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

பழக்க நாட்கள் நன்றாகவே போயின. கடைசி நாள், ஆனந்தகுமார் கேட்கப்போகும் நாள், ஒரு மத்தியானமாக அமைந்தது. சித்ரா டிரங்குப் பெட்டியிலிருந்து கல்யாணத்துக்குப் போகிற சேலையை எடுத்துக் கட்டினாள்.

"போன்ல சேலை தெரியுமா?" என்றார் பெரியமுத்து.

"எனக்குத் தெரியும்ல."

ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் இரண்டு அழைப்பும் சரளமாகப் போயின. மூன்றாவதாக ஆனைமலைக்காரப் பெண் ஒருத்தி, மாமியாருக்கு எந்தக் கிழமை வரலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே அழகுத்தாய் போட்ட சத்தம் ஹெட்செட்டுக்குள் நுழையவில்லை. "வியாழக்கிழமை காலைல" என்று சித்ரா ஆரம்பிக்கும்போது, தோளுக்கு மேலே ஒரு கை வந்தது. வயரையும் பிளக்கையும் ஒரே பிடியில் பிடுங்கியது. காதுக்குள் உலகம் நின்றுபோனது.

"ஏ, காதைக் கழட்டி எங்கயாச்சும் வச்சிட்டியா? போடிமெட்டுப் பக்கம் வானம் கருகருன்னு நிக்குது, கூப்பிடக் கூப்பிட உக்காந்திருக்க!"

"அத்தே! சார் கேட்டுக்கிட்டு இருக்காரு அத்தே!" சித்ரா ஹெட்செட்டைக் கழற்றினாள். "என் வேலையே..."

முடிக்கவில்லை. மலை பிளந்தது மாதிரி ஒரு இடி. மேல் லயத்தில் எவர் வீட்டிலோ பல்பு டப்பென்று வெடித்த சத்தம் இங்கே வரை கேட்டது.   பிடுங்கியது சரிதான். பிடுங்காமல் இருந்திருந்தால் இன்றைக்கு வேலை மட்டுமல்ல, பெட்டியும் போயிருக்கும்.

பெரியமுத்து ஜீப்பை எடுத்தார். மழையில் வளைவுக்குப் போய், ஜீப்புக்குள் இருந்தபடியே சித்ரா ஆனந்தகுமாரைக் கூப்பிட்டாள்.

"என்னாச்சு? நடுவுல அப்படியே விட்டுட்டேளே" என்றார். பாலக்காட்டுக்காரர். கோபம் வந்தாலும் குரல் உயராது, அதுதான் பயமாக இருந்தது.

"இடி சார். வயரைப் புடுங்க வேண்டியதாயிருச்சு."

"இடின்னா புடுங்கிடுவேளா?"

"புடுங்கலைன்னா பெட்டி கருகிரும் சார். கருகினா நாளைக்கும் பேச முடியாது, நாளன்னைக்கும் பேச முடியாது."

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. "சரி. நாலு மணிக்கு இன்னொரு கால் உங்களுக்கு அனுப்பச் சொல்றேன். நான் கேட்டுண்டிருப்பேன். அப்பவும் கிடைக்கலேன்னா அடுத்த ஆளைத்தான் பார்க்கணும். தப்பா எடுத்துக்காதீங்கோ."

அவர்கள் திரும்பி இறங்கும்போது இடி அடுத்த மலைக்குப் போய்விட்டிருந்தது. லயத்து வாசலில் அழகுத்தாய் காத்து நின்றாள். "முதல்ல உன் வீட்டுலதான் மாட்டினேன். அப்புறம்தான் என் வீட்டுக்கே போனேன்" என்றாள். பிடுங்கியதற்கு அவள் சொல்லக்கூடிய சமாதானம் அவ்வளவுதான்.

சித்ரா லேப்டாப்பைத் திறந்தாள். நெட் இல்லை.

"அத்தே, உங்க வீட்டுல வருதா?"

அழகுத்தாய் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். முகம் மாறியிருந்தது. "எனக்கும் போச்சுடி. வட்டம் வட்டமா சுத்துது, பேரனைக் காணோம். நான் எவ்வளவு சீக்கிரமா புடுங்கினேன், அப்படியுமா கருகிருச்சு?"

"ஜிபினைப் போய்த் தூக்கிட்டு வந்துர்றேன்" என்று பெரியமுத்து சாவியைத் தேடினார்.

"நீங்க பூப்பாறைக்குப் போய்ட்டு வர்றதுக்குள்ள நாலு தாண்டிரும்." சித்ரா கம்பை எடுத்தாள். "அத்தே, உங்க பெட்டியைப் பாப்போம் வாங்க."

முதல் வீட்டில் பெட்டி கருகவில்லை. எல்லா விளக்கும் பச்சை. வெளியிலிருந்து வரும் நெட் நன்றாகவே வந்துகொண்டிருந்தது. அப்படியென்றால் வந்த நெட் எங்கே போய் முட்டுகிறது?  சித்ரா ஒரு நிமிஷம் கண்ணை மூடி நின்றாள். அப்புறம் அழகுத்தாய் போனை வாங்கி, ஜிபின் அன்றைக்குச் சொல்லிக்கொடுத்த இடத்தைத் திறந்து, அந்தப் போனுக்குக் கிடைத்திருக்கும் நம்பரைப் பார்த்தாள்.

192.168.3 என்று ஆரம்பித்தது.

மூன்றா? இது முதல் வீடு. இந்த வீட்டுப் போனுக்கு ஒன்று அல்லவா இருக்க வேண்டும்? மூன்று என்பது இந்த லயத்திலேயே அவள் வீட்டுப் பெட்டி மட்டும் கொடுக்கிற நம்பர் ஆயிற்றே. அது எப்படி இரண்டு வீடு தள்ளி, அழகுத்தாயின் கைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது?

பூவும் பழமுமாக ஒரு கூட்டம் தப்பான வாசலில் நுழைந்து, பாயில் உட்கார்ந்து காப்பி குடிப்பது அவள் கண்ணுக்குத் தெரிந்தது.

"அத்தே, எங்க வீட்டுல வயரை எந்த ஓட்டையில மாட்டினீங்க?"

"எது இறுக்கமா புடிச்சுதோ அதுல. லூசா இருந்தா நீதான் திட்டுவ."

சித்ரா வீட்டுக்குத் திரும்பினாள். கம்பு தட்டத் தட்ட, அந்தக் காலோடு எவ்வளவு வேகம் முடியுமோ அவ்வளவு வேகமாக நடந்தாள். பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். நீல ஓட்டை காலி. வயர் மஞ்சளில் இருந்தது. வெளியிலிருந்து வர வேண்டியது, வீட்டுக்குள் இருப்பவர்களின் வரிசையில் சேர்ந்துகொண்டு நின்றது. அவள் பெட்டிக்கு முதல் வீட்டையும் தன் வீடு என்றே தோன்றிவிட்டது. அழகுத்தாய் போனுக்கும் நம்பர் கொடுத்து, என் வழியாக வா என்று கூப்பிட்டிருக்கிறது. கூப்பிட்ட பெட்டிக்கே வெளியே போக வழியில்லை.

மஞ்சளிலிருந்து எடுத்து நீலத்தில் அழுத்தினாள். க்ளிக் என்றது. "அத்தே, உங்க போன்ல வைஃபையை அணைச்சிட்டு மறுபடி போடுங்க!" என்று கத்தினாள்.

சற்று நேரத்தில் முதல் வீட்டிலிருந்து சத்தம் வந்தது. "ஏ வந்துட்டான்டி! பல்லு முளைச்சிருக்குடி!"

ஹெட்செட்டை மாட்டி முந்தானையால் முகத்தைத் துடைப்பதற்குள் மணி அடித்தது.

"ஏனுங்க, கண்ணாசுபத்திரிங்களா? நான் கோவிந்தாபுரத்துலருந்து ஈஸ்வரமூர்த்தி பேசறனுங்க."

"வணக்கம் ஐயா, சொல்லுங்க."

"எங்க ஊட்டுக்காரி கருப்பாத்தாளுக்குக் கண்ணுப் பொறைன்னு சொன்னீங்க. தேதியும் குடுத்தீங்க. அன்னைக்கு அங்க ஒரு புள்ள மலையாளத்துல மாத்திரையப் பத்தி என்னமோ சொல்லுச்சுங்க. நமக்கு மலையாளம் தெரியுமுங்க, சந்தை மலையாளம். தக்காளி வெல பேசச் சொன்னா பேசுவேன். ஆசுபத்திரி மலையாளம் புடிபடலீங்க. கேட்டா வெக்கமாப் போயிருமுன்னு தலைய ஆட்டிப்போட்டு வந்துட்டனுங்க."

சித்ராவுக்கு அந்தத் தலையாட்டல் தெரியும். எஸ்டேட் ஆபீஸில் எத்தனை பேர் அப்படி ஆட்டிவிட்டு வந்து அவளிடம் அர்த்தம் கேட்டிருக்கிறார்கள். திரையில் கருப்பாத்தாளின் விவரத்தைத் திறந்தாள். மலையாளத்தில் டாக்டர் எழுதியிருந்ததைப் படித்தாள்.

"வெட்கப்பட ஒண்ணுமில்லைங்க ஐயா. அம்மா சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுறாங்க இல்லையா? எல்லா மாத்திரையையும் அட்டையோட கையில கொண்டு வரணும். ஆபரேஷன் அன்னைக்குக் காலைல எதைப் போடணும், எதைப் போடக்கூடாதுன்னு டாக்டர் பாத்துச் சொல்லுவாரு. நீங்களா எதையும் நிறுத்திறாதீங்க."

"அய்யய்யோ, நேத்துல இருந்து எல்லாத்தையும் நிறுத்திப்போட்டாளுங்க அம்மிணி!"

"இன்னைக்கே மறுபடி போடச் சொல்லுங்க. நான் நர்ஸ்கிட்ட சொல்லி இப்பவே உங்களைக் கூப்பிடச் சொல்றேன். தமிழ் பேசுற நர்ஸ்தான் கூப்பிடுவாங்க."

அந்தப் பக்கம் பெருமூச்சு. "கருப்பாத்தா, கேட்டியா, நாஞ் சொன்னனல்லொ" என்று அவர் வீட்டுக்குள் பார்த்துச் சொன்னது கேட்டது. அப்புறம், "ஊரு எதுங்க அம்மிணி உங்களுக்கு? பேச்சு தெக்கத்திப் பக்கமாட்ட இருக்குது."

"இடுக்கிங்க. ஏலக்காடு."

"அடேங்கப்பா! அத்தன மல தாண்டியா பேசறீங்க? பக்கத்து ஊட்டுலருந்து பேசறாப்புல இருக்குதே!"

அழைப்பு முடிந்ததும் ஆனந்தகுமார் வந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "அந்த அம்மா மாத்திரையை நிறுத்தினது இத்தனை பேர்ல யாருக்கும் தெரியலை. நன்னா பேசினேள். வர்ற ஒண்ணாம் தேதியிலேருந்து நீங்க எங்க ஆள்."

சித்ரா நன்றி சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். பெரியமுத்து வாசலில் நின்று கையால் அப்படித்தான் ஜாடை காட்டினார். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சார், ஒண்ணு சொல்லிக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை, அப்புறம் சித்திரை, இந்த மாசங்கள்ல மத்தியானம் இங்க இடி உண்டு. வந்தா புடுங்குவோம். அதுல மாத்தமில்லை. அந்த மாசத்துக்கு எனக்குக் காலையும் சாயங்காலமும் குடுத்திருங்க. ஒரு அழைப்பு விடமாட்டேன்."

ஆனந்தகுமார் சிரித்தது அன்றுதான் முதல் தடவை கேட்டது. "இடிக்கு ஷிஃப்ட் போடற முதல் ஆள் நீங்கதான். சரி, போட்டுடறேன்."

வாசலில் பெரியமுத்து தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறினார், மறுபடி கட்டினார். பிறகு ஜீப்பைப் பார்க்கப் போவது மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணைத் துடைக்க அதுதான் தோதான பக்கம்.

அழகுத்தாயை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவளாகவே மறுநாள் வந்தாள். நெற்றியில் இருந்த சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, பெட்டியில் நீல ஓட்டைக்கு மேலே அழுத்தி ஒட்டினாள். "இனி எனக்கு நீலமும் தெரிய வேண்டாம், மஞ்சளும் தெரிய வேண்டாம்" என்றாள்.

இப்போது குழாயடியில் சித்ராவைப் பார்த்தால் பாவம் என்று யாரும் சொல்வதில்லை. மேல் லயம் மூன்றாம் நம்பரில் இருந்தே ஒரு வேண்டுகோள் வந்திருக்கிறது, தங்கள் வீட்டுக்கும் இப்படி ஒன்று கட்டித் தர முடியுமா என்று. கட்டித் தரலாம், நம்பர் மட்டும் வேறு போட வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள்.

போன வாரம் இடி நேரம் தவறிக் காலையிலேயே வந்துவிட்டது. சித்ரா பேச்சின் நடுவில் இருந்தாள். அழகுத்தாய் உள்ளே வந்து பிளக்கின் மேல் கையை வைத்தாள். பிடுங்கவில்லை. சித்ராவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எங்க ஊருல இடி வருதுங்க. கொஞ்சம் ஓஞ்சதும் நானே உங்களைக் கூப்பிடுறேனுங்க" என்று சொல்லி முடித்துவிட்டு, சித்ரா கையைத் தூக்கினாள்.

அதற்கப்புறம்தான் அழகுத்தாய் பிடுங்கினாள்.